காலையில் மன்னிப்பு, மதியம் மகாபாவம்

கார் சேற்றில் வழுக்கிக்கொண்டு போய், பியோன் குலத்தாரின் தலைவீட்டு வாசலில் நிற்கும் கல் ஆமையை முட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

"டேய் மன்சிக், பிரேக் எங்க இருக்குன்னு உனக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார் நம்குங் டீச்சர்.

"குடுத்தாங்க டீச்சர். அன்னிக்கு நான் லீவு."

அந்தோங் ஊர்ப் பக்கத்தில் தொலைந்த நாய், ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல் போன கிம்ச்சி ஜாடி, எதுவானாலும் நம்குங் டீச்சரிடம்தான் வருவார்கள். அதற்கு முன்னால் அவர் பள்ளிக்கூடத்தில் நன்னெறிப் பாடம் எடுத்தவர். அந்தப் பாடத்தில் ஃபெயிலான ஒரே ஆள் அடியேன், தோ மன்சிக். "திருடன் எப்படி யோசிப்பான்னு கேக்க ஒரு ஆள் பக்கத்துல வேணும்" என்று சொல்லி என்னையே உதவியாளாக வைத்துக்கொண்டார். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கதவைத் திறப்பதற்குள் ஓர் அம்மாள் இடுப்பில் கட்டிய சமையல் ஏப்ரனோடு தூறலில் ஓடி வந்தார். போனில் அழுதவர் இவர்தான். யாங் கும்ரே. தெற்கே மொக்போ கடற்கரையில் பிறந்து, இந்தத் தலைவீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷம் ஆகிறது. கணவர் இறந்த பிறகும் இந்த வீட்டு அடுப்பையும் மூதாதைப் படையல்களையும் தனியாளாகக் கட்டிக்காத்து வருகிறவர்.

"டீச்சரம்மா, என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. என் புருஷன் பின்னாடி மலையிலதான் படுத்திருக்காரு. அவரை விட்டுட்டு நான் எங்க போவேன்? யாரோ என்மேல பெரியவங்க மனசைக் கெடுத்துட்டாங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"முதல்ல நீங்க என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க" என்றார் டீச்சர்.

கும்ரே அம்மாள் செய்தது இதுதான். நேற்று மாலை குலத்தின் முதல் மூதாதைக்கு வருஷப் படையல். சாதமும் சூப்பும் கிண்ணத்தில் ஆவி பறக்க இருக்கின்றன. பெரியவர்கள் உள்ளே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, பார்சல் கொண்டு வந்த பையன் ஒருவன் முற்றத்தில் பசியால் மயங்கி விழுந்தான். கும்ரே அம்மாள் யோசிக்கவே இல்லை. மூதாதையின் கிண்ணத்தைத் தூக்கி அவனுக்கு ஊட்டிவிட்டார். பெரியவர்கள் வந்து பார்த்தபோது மூதாதையின் கரண்டி பார்சல் பையன் வாயில் இருந்தது. கிண்ணத்தைக் கழுவி, மறுபடி நிரப்பி, அப்புறம்தான் மூதாதைக்கு வைத்தார்கள்.

"ஆக, மூதாதைக்கு ரெண்டாம் பந்தி" என்றேன். "அவர் கோவிச்சுக்கிட்டாரா?"

"அவர் செத்து நானூறு வருஷம் ஆச்சு தம்பி. இதுவரைக்கும் எதுக்கும் கோவிச்சுக்கல."

"கோவிச்சுக்கிட்டது இருக்கறவங்கதானா?"

"அதுதான் இல்ல! இன்னிக்குக் காலையில ஏழு பெரியவங்களும் அந்த மண்டபத்துல உக்காந்து பேசினாங்க. பசிச்சவனுக்குப் போட்டது தப்பே இல்லைன்னு ஏழு பேருமே சொன்னாங்க. தலைவர், ப்ரொபசர் மாமா, என்னைக் கூப்பிட்டு, கவலைப்படாதேன்னு தட்டிக் குடுத்தாரு. சாப்பிட்டுட்டு வந்து அதையே எழுதி முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. மண்டபத்துல சாரல் அடிக்குதுன்னு பெரியறைக்குள்ள போனாங்க. கொஞ்ச நேரத்துல ஒரே கூச்சல். வெளிய வரும்போது ஆறு பேர் என்னைப் போகச் சொல்றாங்க!"

டீச்சர் குடையை மடக்கினார். "நடுவுல புதுசா சாட்சி யாராவது வந்தாங்களா? உங்களைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஈ காக்கா உள்ள போகல. நான்தான் டீ கொண்டு போய் வெச்சேன். ஒருத்தரும் என் முகத்தை ஏறெடுத்துப் பாக்கல, ஏழு கோப்பையும் வெச்சது வெச்சபடியே இருக்கு."

"அறை எப்படி இருந்துச்சு?"

"அறைக்கென்ன? அடுப்பு அனல் தரைக்கு அடியில ஓடுதில்ல, தரை கணகணன்னு சூடா, வாசனையா, எங்க அம்மா வீட்டுக்குள்ள போன மாதிரி சுகமா இருந்துச்சு."

அப்போது மழைக்கோட்டு மாட்டிய ஓர் ஆள் எங்களைத் தாண்டி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். பியோன் ஜேபில். கும்ரே அம்மாளின் கொழுந்தன் மகன். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"எங்க தம்பி இவ்வளவு வேகமா?" என்றார் டீச்சர்.

"டவுனுக்கு. குலத்து முத்திரை பேங்க் லாக்கர்ல இருக்கு. கொண்டாந்துட்டா தீர்ப்புல குத்தி முடிச்சிருவாங்க." பிறகு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "பெரியம்மா போனதும் இந்த வாசல்ல காபிக்கடை போடறேன். கல் ஆமைக்குப் பக்கத்துல ஊஞ்சல். நீங்க வந்தா பத்து பர்சன்ட் தள்ளுபடி."

ஸ்கூட்டர் போனதும் நான் டீச்சரின் காதைக் கடித்தேன். "கேஸ் முடிஞ்சுது. இவன்தான்."

"ஏன்டா?"

"மூஞ்சியப் பாருங்க டீச்சர். ஊஞ்சல் போடற மூஞ்சி."

"மூஞ்சியப் பாத்துத் தீர்ப்பு சொல்றதாலதான் நீ நாப்பது மார்க் கூட வாங்கல. வா, மண்டபத்துக்குப் போகலாம். அவன் திரும்பி வர்றதுக்குள்ள முடிக்கணும்."

மழை விட்டிருந்தது. சுவரில்லாத அந்த மர மண்டபத்தில் ஏழு பெரியவர்கள் குதிரைமயிர்த் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக, ஒருவரை ஒருவர் தொடாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், பியோன் ஹக்கியு. ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். முதுகு கதவுச் சட்டம் போல நேராக இருந்தது.

"ப்ரொபசர், காலையில மன்னிச்சீங்க. மதியம் தண்டிச்சீங்க. நடுவுல என்ன ஆச்சு?" டீச்சர் நேராகக் கேட்டார்.

"ஆழமா யோசிச்சோம். அதுதான் ஆச்சு" என்றார் பேராசிரியர். "நல்லது கெட்டதுங்கறது பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி அம்மா. ஏழெட்டு அம்பத்தாறு. மழை பெஞ்சாலும் அம்பத்தாறு, வெயில் அடிச்சாலும் அம்பத்தாறு. நம்ம மனசுக்கு எப்படி இருக்குங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்ப காலையில அம்பத்தாறு, மதியம் எழுபதாமா அண்ணே?" என்று ஒரு குரல் கரகரத்தது. குரலுக்குப் பின்னால் ஒரு தும்மல். தும்மலுக்குப் பின்னால் கட்டம் போட்ட ஒரு பெரிய கைக்குட்டை. ஊரிலேயே பெரிய ஆப்பிள் தோட்டக்காரர் பியோன் தால்சு. கும்ரே அம்மாளை மதியமும் மன்னித்த ஒரே ஆள் இவர்தான்.

"நீ பேசாதடா. உனக்கு நியாயம் வயித்துலதான் இருக்கு."

"ஆமா, வயித்துலதான் இருக்கு. தப்புன்னா இங்க பிசையும். சரின்னா பிசையாது. அதுக்கு மேல ஒரு வாய்ப்பாடும் எனக்குத் தெரியாது." தால்சு தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார். "இதை நான் முப்பது வருஷமா சொல்றேன். இவரு முப்பது வருஷமா என்னை மடையன்கறாரு."

"மடையனை வேற எப்படிக் கூப்பிடறது?"

டீச்சர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். தால்சு கொண்டு வந்திருந்த ஆப்பிள் கூடையிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இந்தப் பலகைதான் பெரியறைன்னு வெச்சுக்குங்க. இந்தத் தூண் வாசல். அந்தத் தூண் அடுப்புப் பக்கம். மதியம் அவங்கவங்க உக்காந்த இடத்துல ஆப்பிளை வைங்க. வாயில முதல்ல வந்த தண்டனை என்னன்னும் சொல்லுங்க."

பெரியவர்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப் போயிற்று. வாசல் ஓரத்தில் ஆப்பிள் வைத்தவர், "ஒரு வருஷம் படையல் பாத்திரத்தைத் தொடக் கூடாதுன்னேன்" என்றார். அடுத்தவர், "நான் மூணு வருஷம்." அதற்கடுத்தவர் சமையலறைச் சாவியையே பிடுங்கச் சொன்னாராம். அவருக்கும் உள்ளே இருந்தவர் வீட்டைக் காலிபண்ணச் சொன்னாராம். இன்னும் தள்ளி இருந்தவர் வம்சாவளியிலிருந்து பேரை அடிக்கச் சொன்னாராம். தரை நன்றாகச் சுடுகிற அடுப்பு மூலை குலத்தில் மூத்தவருக்கு உரியது. பேராசிரியர் தன் ஆப்பிளைக் கம்பீரமாக அங்கே வைத்தார்.

"பேரை அடிக்கறது போதாது, கூடத்துல மாட்டியிருக்கற கல்யாண போட்டோவையும் கழட்டி ஆத்துல போடணும்னேன்."

"போட்டோ என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன் நான்.

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது ரொம்ப நியாயமாப் பட்டுது."

டீச்சர் ஆப்பிள்களைப் பார்த்தார். வாசலிலிருந்து அடுப்புப் பக்கம் போகப் போக, படிக்கட்டு மாதிரி தண்டனை ஏறிக்கொண்டே போனது. நடுவில் தால்சுவின் ஆப்பிள் மட்டும் ஒன்றிலும் சேராமல் மன்னிப்போடு உட்கார்ந்திருந்தது.

"டீ குடிச்சீங்களா?"

பெரியவர்கள் தொப்பி நாடாவைச் சரிசெய்தார்கள்.

"ஏழு கோப்பையும் அப்படியே இருக்குன்னு உங்க மருமக சொன்னாங்க. அவ்வளவு அவசரமா எதுக்கு வெளிய வந்தீங்க?"

"காத்து வாங்க" என்றார் வாசலோரத்துப் பெரியவர்.

"கொட்டற மழையிலயா?"

ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் காலுறையை ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். பேராசிரியர் மட்டும் தன் அங்கியை இழுத்துத் தன் கால்களையே மூடிக்கொண்டார்.

பெரியறைக்கு நடக்கும் வழியில் நான் என் முடிவைச் சொன்னேன். "ஜேபில் லஞ்சம் குடுத்திருக்கான் டீச்சர். வாசல்ல இருந்தவருக்குக் கொஞ்சமா, உள்ள இருந்தவருக்கு நிறைய."

"லஞ்சம் உக்கார்ற இடத்தைப் பாத்தா போகும்? மழை வந்து உள்ள போவாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அடுப்புப் பக்கத்துல ஏதோ இருக்குடா. அது கிட்டப் போனவனுக்குக் கோவத்தை ஏத்துது."

"பேயா?"

"கதவைத் திற."

திறந்தேன். ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல! பழைய பஸ் நிலையத்துக் கழிப்பறையை வெயிலில் காயவைத்து, கதவை மூடி, அதற்குள் என் தலையை மட்டும் சொருகினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. வெளியே ஓடப் பார்த்தேன். டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"மன்சிக், ஒரு கேள்வி. உன் ஃப்ரெண்ட் உன்னைக் கேக்காம உன் குடையை எடுத்துட்டுப் போயிட்டான். அவனை என்ன பண்ணலாம்?"

"கட்டி வெச்சு உதைக்கணும்! அவன் ஒரு ஈனப்பய! அவனுக்குக் குடை வாங்கிக் குடுக்காத அவங்க அப்பனையும் சேர்த்து உதைக்கணும்!"

காலரைப் பிடித்தபடியே வெளியே இழுத்து வந்தார். மழை கழுவிய காற்று பைன் மரங்களிலிருந்து வந்து முகத்தில் பட்டது.

"இப்பச் சொல்லு. குடை எடுத்தவனை என்ன பண்ணலாம்?"

"விடுங்க டீச்சர். நனையக் கூடாதுன்னு எடுத்திருப்பான், பாவம்."

மறுபடி உள்ளே தள்ளினார்.

"பாவமா? அவனை ஊரை விட்டே தள்ளி வைக்கணும்!"

மறுபடி வெளியே இழுத்தார்.

"தள்ளி எல்லாம் வைக்க வேணாம்" என்றேன், எனக்கே வெட்கமாக இருந்தது. "டீச்சர், என்னை வெச்சு இப்படி விளையாடாதீங்க. ரெண்டு தடவையும் நான் மனசாரத்தான் சொன்னேன்."

"அவங்களும் மனசாரத்தான் சொன்னாங்க" என்றார் டீச்சர். "ஆறு பேரும் பொய் சொல்லல. நாத்தத்துக்கு வந்த அருவருப்பைத் தப்புக்கு வந்த அருவருப்புன்னு நினைச்சுட்டாங்க. பாவம், எதிர்ல இருந்த கேஸ் அந்தம்மாவோடது."

அடுப்பு மூலைக்கு மேலே சுவரில் ஒரு சின்ன அலமாரி. டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் திறந்தார். உள்ளே குடத்தளவு மண் ஜாடி. வாயில் புதுத் துணி. துணியை அவிழ்த்தால் வைக்கோல். வைக்கோலுக்கு நடுவே பாளம் பாளமாகத் திருக்கை மீன், நன்றாக ஊறிப் புளித்தது.

"ஜேபில்!" என்று கத்தினேன். "நாத்தத்தை வெச்சே நியாயத்தைக் கவுத்துட்டானே! திருட்டுப்பயல் ஆனாலும் கெட்டிக்காரன்!"

டீச்சர் வைக்கோலைத் தொட்டுப் பார்த்தார். "வைக்கோல் ஒவ்வொண்ணும் சோகை நீக்கி, ஒரே அளவா நறுக்கி அடுக்கியிருக்கு. மீனுக்கும் மீனுக்கும் நடுவுல இடம் விட்டிருக்கு. மேல கட்டின துணிக்கு இஸ்திரி போட்டிருக்கு. ஒருத்தங்களைக் கெடுக்க நினைக்கறவன் இஸ்திரி போடுவானாடா? இது ரொம்ப ஆசையா வெச்ச ஜாடி."

"யாரு ஆசையா வெப்பாங்க, இந்தக் கண்ராவியை?"

டீச்சர் பதில் சொல்லாமல் வாசலுக்குப் போய், "கும்ரே அம்மா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

அந்த அம்மாள் வந்தார். வாசற்படியில் கால் வைத்ததும் அழுது வீங்கியிருந்த முகம் மலர்ந்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"அடடா, பழுத்துடுச்சே! இவ்வளவு நல்லா வரும்னு நான் நினைக்கவே இல்ல."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்த கும்ரே அம்மாளின் முகம் மெல்ல மாறியது.

"நீங்க வெச்சதா?" டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"நான்தான். என் பிறந்த நாளைக்கு ஊர்லேர்ந்து வந்துச்சு, கொல்லையில ஊற வெச்சிருந்தேன். காலையில எல்லாரும் மன்னிச்சாங்களே, அவங்களுக்கே போட்டுரலாம்னு தோணுச்சு. எங்க ஊர்ல திருக்கை இல்லாம விருந்துன்னு சொன்னா சிரிப்பாங்க. கடைசியா ஒரு சூடு காட்டினா ருசி ஏறும். இந்த மூலைதான் வீட்டுலயே சூடு. அவங்க மண்டபத்துலதானே உக்காருவாங்கன்னு கொண்டாந்து வெச்சேன். அப்புறம் மழை வந்து உள்ள வந்துட்டாங்க. வாசனை பிடிச்சு, என்னம்மா விசேஷம்னு யாராவது கேப்பாங்கன்னுகூட நினைச்சேனே!"

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். "அப்ப என்னைத் துரத்தினது நானேதானா?"

நன்றி சொல்ல நினைத்ததற்கு இப்படியா ஒரு தண்டனை என்று அந்தக் கடவுள்மேலேயே கோபம் வந்தது.

"டீச்சர், ஜாடியை ஜேபில் வெச்சான்னு சொல்லிடலாம். அவன் எப்படியும் அயோக்கியன். ஒரு அயோக்கியத்தனம் கூடக் குறைய இருந்தா என்ன?"

"வாயை மூடுடா."

"பெரியறையை நாறடிச்சதும் இவங்கதான்னு தெரிஞ்சா போட்டோவை ஆத்துல போடறதோட விடமாட்டாங்களே!"

டீச்சர் யோசித்தார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

நாங்கள் மண்டபத்துக்கு ஓடினோம். ஜேபில் பட்டுப்பையிலிருந்து முத்திரையை எடுத்துச் சிவப்பு மையைத் திறந்து வைத்துவிட்டான். பேராசிரியரின் கை முத்திரைமேல் இருந்தது.

"ஒரு நிமிஷம்!" டீச்சரின் பழைய வகுப்பறைக் குரல். ஏழு பெரியவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். "ஒரே ஒரு கேள்வி. மறைக்காம சொல்லணும். மதியம் அறையில நாத்தம் அடிச்சுதா, இல்லையா?"

பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் வாசலோரத்துப் பெரியவர் வெடித்தார். "அடிச்சுது! இவரோட ஈரக் காலுறை! மரியாதைக்காகச் சொல்லாம இருந்தேன்!"

"என் காலுறையா? ஓய், அது உம்ம காலுறை!"

"உங்க ரெண்டு பேரோடதும் இல்ல, இவரு சலவை பண்ணாத அங்கி!"

குதிரைமயிர்த் தொப்பிகள் சரிந்தன. முப்பது வருஷத்து மரியாதை எல்லாம் மண்டபத்தில் சிதறியது. பேராசிரியர் மட்டும் மிகவும் தாழ்ந்த குரலில், "நான் அது என்னாலன்னு நினைச்சேன்" என்றார். "வயசாச்சில்ல. எனக்கே தெரியாம ஏதாவது ஆகிப்போச்சோன்னு உயிரே போச்சு. எப்படா எழுந்து ஓடலாம்னு இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை.

"அது உங்க யாராலயும் இல்ல" என்று டீச்சர் ஆரம்பித்தார். அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் பின்னால் இருந்து கும்ரே அம்மாள் முன்னே வந்தார்.

"என்னாலதான் மாமா. திருக்கை ஜாடி. அலமாரியில நான்தான் வெச்சேன். மன்னிச்சீங்களே, அதுக்கு நன்றியா ராத்திரி உங்களுக்குப் போடலாம்னு."

ஜேபில் துள்ளினான். "பாத்தீங்களா தாத்தா! பெரியறையையே நாறடிச்சிருக்காங்க! குத்துங்க சீலை!"

"உக்காருடா" என்றார் பேராசிரியர்.

கண்ணை மூடி, தனக்குள் எதையோ பெருக்கிப் பார்ப்பதுபோல இருந்தார். அப்புறம் பேசினார். "மதியத் தீர்ப்பு கெட்டுப்போன தீர்ப்பு. ஏழெட்டு எவ்வளவுன்னு மூக்கைக் கேட்டிருக்கேன். அது செல்லாது."

கும்ரே அம்மாளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"பொறு. காலைத் தீர்ப்பு மட்டும் யோக்கியமா? அதுக்கு முன்னாடி இவ கையால வறுத்த உப்புக் கானாங்கெளுத்தியை ஆளுக்கு ஒண்ணு தின்னோம். எனக்கு ரெண்டு. வயிறு நிறைஞ்ச சந்தோஷத்துல மன்னிச்சிருப்போம். அதுவும் செல்லாது."

எனக்கு அவரை உதைக்கவேண்டும் போல இருந்தது. இந்த முறை நான் நல்ல காற்றில்தான் நின்றேன். கெட்ட நாற்றத்தில் சொன்னதும் செல்லாது, நல்ல ருசியில் சொன்னதும் செல்லாது என்றால் அப்புறம் எந்த மனுஷன்தான் எதைத்தான் சொல்வது? கும்ரே அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் மட்டும் சிரித்தார். "ப்ரொபசர், உங்க கணக்குப்படி, காலையில ருசியும் தெரியாம, மதியம் நாத்தமும் தெரியாம தீர்ப்பு சொன்ன ஆள் ஒருத்தர் இருந்தா?"

"அப்படி ஒரு ஆள் இருந்தா அவன் சொன்னதுதான் தீர்ப்பு. ஆனா அப்படி யாரு..."

தால்சு தும்மினார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாலு நாளா மூக்கு அடைச்சிருக்கு" என்றார் தால்சு, கைக்குட்டைக்குள்ளிருந்து. "காலையில மீன் தின்னேனா அட்டை தின்னேனான்னே தெரியல. மதியம் எதுக்கு எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்கறீங்கன்னும் புரியல. ஏதோ தத்துவம்னு நினைச்சேன்."

பேராசிரியரின் முகத்தில் ஒரு பெரிய வேதனை தெரிந்தது. "இந்த மடையனா?"

"நீங்க போட்ட கணக்குதான்" என்றார் டீச்சர்.

"தெரியும். எனக்குப் பிடிக்கவே இல்ல. பிடிக்காததுக்கும் நியாயத்துக்கும் சம்பந்தம் இல்ல." பல்லைக் கடித்துக்கொண்டு தால்சுவைப் பார்த்தார். "சொல்லித் தொலை. ரெண்டு வேளையும் நீ மன்னிச்சே. ஏன்?"

"ஏன்னா? பையன் பசியில விழுந்தான். கிண்ணத்துல சோறு இருந்துச்சு. செத்தவர் பொறுப்பாரு, பையன் பொறுக்க மாட்டான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பேராசிரியர் அவரை வெறித்துப் பார்த்தார். அப்புறம் முத்திரையைப் பட்டுப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

"இது வயித்துலேர்ந்து வந்தது இல்லடா. இதுதான் வாய்ப்பாடு."

"யோவ் அண்ணே! நான் வயித்துலேர்ந்துதான் சொன்னேன்!"

"ஏழெட்டு அம்பத்தாறு. நீ உனக்கே தெரியாம சரியாச் சொல்லிட்டே."

"வயிறுதான்கறேன்!"

"வாய்ப்பாடு!"

இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்று கத்திக்கொண்டார்கள். டீச்சர்தான் நடுவில் புகுந்து, "வயிறோ வாய்ப்பாடோ, இவங்க இருக்கலாமா, போகணுமா?" என்றார்.

"இருக்கணும்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில், சண்டையை நிறுத்தாமலே.

கும்ரே அம்மாள் தூணோடு சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஜேபில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனான், கிளப்பக்கூட மனசில்லாமல்.

சாயங்காலம் மண்டபத்திலேயே விருந்து. நாலு பக்கமும் திறந்த இடமாகப் பார்த்துப் போடச் சொன்னது என் யோசனை. வேகவைத்த பன்றிக்கறி, பழங்கிம்ச்சி, அரிசிக் கள், நடுவில் அந்த ஜாடி. மனசார ஒருத்தர் கொடுத்ததைச் சாப்பிடாமல் போவது தப்பு என்று பேராசிரியர் தீர்ப்பு சொல்லிவிட்டதால் யாரும் தப்பிக்க முடியவில்லை. தால்சு இரண்டு தட்டு முடித்து, அட்டைக்கு இது தேவலை என்றார். நான் ஒரு துண்டை விழுங்கிவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டேன்.

கும்ரே அம்மாள் திருக்கையை ஒவ்வொருவர் தட்டாக வைத்துக்கொண்டே வந்தார். பேராசிரியர் முதுகை நேராக வைத்துக்கொண்டு பின்மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, அழறீங்களா?" என்றார் தால்சு.

"அழுகையாவது! திருக்கைடா. அதோட காரம் வாயில பட்டதும் கண்ணுக்கு ஏறிடுச்சு."

கும்ரே அம்மாள் குனிந்து அவர் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாமா, உங்களுக்கு நான் இன்னும் வைக்கவே இல்லியே."